குதிகாலால் மாற்றும் கியர்

என் சைக்கிள் பட்டறைக்குப் பலகையில் ஒரு பெயர் இருக்கிறது. யாரும் அதைச் சொல்வதில்லை. ‘வேண்டாம் கடை’ என்றால்தான் தெரியும். யாராவது பளபளவென்று எதையாவது வாங்கிக்கொண்டு வந்து, இதை மாட்டிக் கொடுங்க என்பார்கள். நான் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பேன். பத்தில் எட்டு முறை நான் சொன்னதுதான் சரியாக இருக்கும். மீதி இரண்டு முறையைப் பற்றி நான் வாயைத் திறப்பதில்லை. இது அதில் ஒன்று.

ஒரு சனிக்கிழமை காலை என் அக்கா பழைய துண்டில் எதையோ சுற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

“பிரிச்சுப் பாரு. பார்த்து முடிக்கிற வரைக்கும் பேசாதே” என்றாள்.

பிரித்தேன். ஒரு ஜோடி கிராங்க். பெடல் மாட்டுகிற அந்த இரண்டு கைகள்தான். ஆனால் வலது கைக்குப் பின்னால், ஒற்றைப் பல்சக்கரத்துக்கு நடுவே, மூடிய டப்பா மாதிரி ஒன்று இருந்தது. அச்சின் இரண்டு முனையிலும் ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் பொத்தான். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கியரை உள்ளேயே வைத்து மூடின கிராங்க். நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி மூன்று குட்டிப் பல்சக்கரங்கள், எல்லாம் எண்ணெய்க்குள் கிடக்கும். போகிற போக்கில் குதிகாலால் பொத்தானைத் தட்டினால் கியர் மாறும். சாதாரண கியரில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் முன் பல்சக்கரமும் ஒரு சுற்று. தட்டிவிட்டால் பெடல் இரண்டரை சுற்று சுற்றினால்தான் அது ஒரு சுற்று. வண்டி ஊரும், ஆனால் மிதிப்பது பஞ்சு மாதிரி இருக்கும்.

“யார் தலையில கட்டினாங்க?” என்றேன்.

“பேசாதேன்னு சொன்னேன்.”

“பார்த்து முடிச்சிட்டேன். வேண்டாம்.”

அக்கா சிரித்தாள். எதிர்பார்த்துத்தான் வந்திருக்கிறாள். நான் அந்த டப்பாவைத் தராசில் வைத்தேன். அவள் வண்டியில் இருப்பதைவிட முக்கால் கிலோ அதிகம். உள்ளே பல்லும் பல்லும் உரசுவதில் கொஞ்சம் உழைப்பு வீணாகும். கெட்டுப்போனால் உள்ளே போடுகிற சாமான் எங்கேயும் கிடைக்காது. இப்போது பின்சக்கரத்திலேயே பன்னிரண்டு பல்சக்கரம் வருகிறது, பெரியது சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கிறது; அதைப் போட்டால் மலை என்ன, சுவரே ஏறலாம். இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

“முடிஞ்சுதா?” என்றாள். “முக்கால் கிலோவா? நான் தூக்கிட்டுப் போற, தண்ணி சோதிக்கிற மீட்டர் பையே ஆறு கிலோ. இதை மாட்டிக் கொடு. வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குப் பழகணும்.”

வெள்ளிக்கிழமை என்றதும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அக்கா தண்ணீர் வாரியத்தில் வேலை செய்கிறாள். ஊருக்குப் பின்னால் இருக்கிற மலையில் நாலு தொட்டிகள். தினமும் காலையில் நாலுக்கும் போய் அளவு எடுத்து, தண்ணீரைச் சோதித்து, பத்து மணிக்குள் மேலே உள்ள தொட்டியிலிருந்து தகவல் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் ஊருக்குத் தண்ணீர் திறப்பார்கள். குடிதண்ணீர் வருகிற மலை என்பதால் மோட்டார் வைத்த எதையும் உள்ளே விட மாட்டார்கள். நடக்கலாம், அல்லது சைக்கிள். பதினோரு வருஷமாக அக்கா சைக்கிளில்தான் போய்வருகிறாள். போன வருஷம் முட்டியில் அறுவை சிகிச்சை ஆயிற்று. திரும்பி வேலைக்குப் போனதிலிருந்து பத்து மணி பத்தரை ஆகிறது, சில நாள் பத்தே முக்கால் ஆகிறது.

வாரியத்தில் அவளுக்கு ஒரு நாற்காலியைத் தயாராக வைத்துவிட்டார்கள். புகார் தொலைபேசி. அதில் இருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். வெள்ளிக்கிழமை பொறியாளர் மேல் தொட்டியில் கடிகாரத்தோடு நிற்பார். அக்கா பத்து மணிக்குள் வந்து சேர்ந்தால் மலை அவளுக்கு. இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து நாற்காலி. எட்டு மணி நேரம் உட்கார்ந்து, எங்க தெருவுல தண்ணி வரலை என்று ஊரே திட்டுவதைக் கேட்க வேண்டும்.

“உட்கார்ந்து வேலை செஞ்சா என்ன குறைஞ்சா போயிடும்? நான் இருபது வருஷமா உட்கார்ந்துதான் இருக்கேன்” என்று மாமா சொல்வார். அக்கா வீட்டுக்காரர். தையல்காரர்.

“நீங்க உட்காரப் பிறந்தவரு” என்பாள் அக்கா.

அவளை நாற்காலியில் நினைத்துப் பார்க்கவே முடியாது. சாப்பிடும்போதுகூட நின்றுகொண்டுதான் சாப்பிடுவாள். மலையைப் பற்றி அவள் பெரிதாக ஒன்றும் பேசியதில்லை. ஆனால் விடுமுறை நாளில் அவள் முகத்தைப் பார்த்தால் தெரியும்.

மாட்டுகிறேன் என்றேன். ஆனால் மனசு ஒப்பவில்லை.

இங்கேதான் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அந்த டப்பாவுக்குள் கியர் வேலை செய்யும்போது, டப்பா முழுவதும் எதிர்ப்பக்கம் திருகிக்கொள்ளப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த, பெடல் அச்சு போகிற குழாயின் இரண்டு விளிம்பையும் சரிவாகச் சீவ வேண்டும். சீவின இடத்தில் கூம்பு மாதிரி ஒரு வளையம் போய் அழுந்தி உட்கார்ந்துகொள்ளும். பிறகு அசையாது. சீவினால் சீவினதுதான், திரும்ப ஒட்ட வைக்க முடியாது.

அக்காவின் வண்டி நானே கட்டினது. குழாய் குழாயாகத் தேடி, மூன்று பூச்சு பெயிண்ட் அடித்தது. வெட்டும் கருவி மேசை இழுப்பறையில் இருந்தது. எடுத்தேன், பார்த்தேன், திரும்ப வைத்துவிட்டேன். எப்படியும் ஒரு வாரத்தில் கழற்றச் சொல்லப் போகிறாள், எதற்கு நல்ல ஃபிரேமைக் கெடுக்க வேண்டும் என்று நினைத்தேன். விளிம்பைச் சீவாமல், வளையத்தைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கிவிட்டேன். நீளமான ஸ்பேனரைப் போட்டுத் தொங்கினேன் என்றே சொல்லலாம். அது பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று மாலை அக்கா தெருவில் மேலும் கீழும் ஓட்டிப் பழகினாள். முதல் பத்து தடவை குதிகால் பொத்தானைத் தவிர எல்லாவற்றையும் தட்டியது. மாமா என் பட்டறை வாசலில் நின்று, “கழுதை உதைக்கிற மாதிரி உதைக்கிறியே” என்றார். “உங்களைப் பார்த்துப் பழகிக்கிட்டேன்” என்றாள். பதினோராவது தடவை டக்கென்று விழுந்தது. அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. சமதளத்தில் எல்லாம் சுகமாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். முழங்கையில் சிராய்ப்பு.

“மலைப்பாதையில இரண்டாவது கேட்டுக்கு மேல, ஏத்தத்துல தட்டினேன். நாலு மிதி நல்லா போச்சு. அஞ்சாவது மிதியில உள்ள கடகடன்னு ஒரு சத்தம், பெடல் வெறுமனே சுத்துது. சாய்ஞ்சு விழுந்துட்டேன்.” வண்டியைச் சுவரில் சாய்த்தாள். “நீ சொன்னது சரிதான்டி. இதெல்லாம் வேண்டாத வேலை.”

குனிந்து பார்த்தேன். டப்பா ஒரு விரல் அளவுக்குத் திருகியிருந்தது. கியர் உடையவில்லை, பல் உடையவில்லை. வளையம் வழுக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அக்கா என்னைப் பார்த்து நீ சொன்னது சரி என்கிறாள்; அது காதில் தேனாக விழுந்ததை ஏன் மறைக்க வேண்டும்? பிறகு, அவள் முட்டிக்கும் உட்கார்ந்த வேலைதான் நல்லது என்று ஒரு சமாதானம் வந்து சேர்ந்தது. திங்கள் போயிற்று, செவ்வாயும் போயிற்று. செவ்வாய்க்கிழமை ஒரு வாடிக்கையாளரிடம் தேவையே இல்லாமல் எரிந்து விழுந்தேன்.

புதன்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனேன். விழுந்த காயத்துக்காக அவள் இரண்டு நாள் லீவு போட்டிருந்தாள். முன்னறையில் மாமாவின் வெட்டு மேசை, அதில் பாதி தைத்த சட்டைகள். அவற்றை ஒதுக்கிவிட்டு, அக்கா நின்றபடியே ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள்.

“எதுக்கு வெள்ளிக்கிழமை மூச்சு வாங்கிக்கிட்டுப் போய் அந்த ஆள் முன்னாடி நிக்கணும்? அந்த நாற்காலியை நானே கேட்டு வாங்கிக்கிறேன். சொந்த விருப்பத்தோட கேக்கிறேன்னு ஒரு வரி போடணுமாம்” என்றாள். பேனா அந்த வரியில் நின்றிருந்தது.

“எழுதாதே” என்றேன்.

“ஏன்?”

சொன்னேன். சீவ வேண்டிய விளிம்பு, சீவாத விளிம்பு, இழுப்பறையில் கிடக்கிற கருவி, இரண்டு நாள் மௌனம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமா தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை.

“வேற யாருக்காவது இப்படி அரைகுறையா செஞ்சு கொடுத்திருக்கியா?”

“இல்லை.”

“பிறகு எனக்கு மட்டும் ஏன்?”

“எப்படியும் நீ திருப்பிக் கொண்டு வந்துடுவன்னு நினைச்சேன்.”

“திருப்பிக் கொண்டு வரணும்னு நினைச்ச” என்றாள்.

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு வருஷம் ஊருக்கெல்லாம் வேண்டாம் என்று சொன்னதில் இப்படி ஒரு தப்பை நான் செய்ததில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அது உண்மையாகும்படி நானே பார்த்துக்கொண்டேன்.

அக்கா கடிதத்தை நாலாக மடித்து மாமாவிடம் நீட்டினாள். “பட்டன் சுத்தி வைக்கக் காகிதம் வேணும்னு கேட்டீங்களே.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “சாயங்காலம் வரேன். நான் பார்க்க, என் முன்னாடி சீவு.”

அப்படியே செய்தேன். அவளே ஃபிரேமைப் பிடித்துக்கொண்டாள். கருவியை வைத்துத் திருகத் திருக, இரும்பு சுருள் சுருளாக உதிர்ந்தது. என் பெயிண்ட் போயிற்று. உள்ளே வெள்ளையாக ஒரு சரிவு வந்தது. வளையத்தை முறுக்கினபோது அது கச்சிதமாகப் போய் உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததுமே, சனிக்கிழமை நான் பிடிக்க வைத்தது பிடிப்பே இல்லை என்று கைக்குத் தெரிந்துவிட்டது.

“நாளைக்கு நீயும் மேல வர்ற. அனுமதிச் சீட்டு நான் வாங்கிடறேன்” என்றாள் அக்கா. அவள் கேட்கவில்லை, சொன்னாள்.

பதினோரு வருஷமாக அந்த வண்டியைப் பழுது பார்க்கிறேன். ஒரு நாள்கூட அவள் போகிற வழியில் நான் போனதில்லை. வியாழக்கிழமை என் பன்னிரண்டு கியர் வண்டியை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன். சமதளத்தில் நான்தான் முன்னால். “என்னக்கா, முக்கால் கிலோ இழுக்குதா?” என்று திரும்பிப் பார்த்துக் கேட்டேன். அவள் பாதையைப் பார்த்து மிதித்துக்கொண்டிருந்தாள்.

முதல் கேட் வந்தது. அதற்கு முன்னால் பாதை சரேலென்று ஒரு ஓடைக்குள் இறங்குகிறது. ஓடை முழுக்கத் தலையளவு பாறைகள். பெடல் மிதித்தால் பாறையில் இடிக்கும். இரண்டு காலையும் சமமாக வைத்துக்கொண்டு, பிரேக்கைப் பிடித்தபடி உருண்டுதான் கடக்க வேண்டும். கடந்ததும், மூக்குக்கு நேரே பூட்டின கேட். இறங்கி, பூட்டைத் திறந்து, வண்டியைத் தள்ளி, திரும்பப் பூட்டி, ஏறி உட்கார்ந்தால், எதிரே ஏற்றம். இறக்கம் இல்லை, சமதளம் இல்லை, கேட்டிலிருந்தே ஏற்றம்.

என் சங்கிலி இன்னும் பின்சக்கரத்தின் சின்னப் பல்சக்கரத்தில் இருந்தது. இறக்கத்தில் இருந்த கியர். பெடல் சுற்றினால்தான் சங்கிலி அடுத்த பல்சக்கரத்துக்கு நகரும். பெடல் சுற்ற வேண்டுமானால் வண்டி நகர வேண்டும். வண்டி நகர வேண்டுமானால் சங்கிலி பெரிய பல்சக்கரத்தில் இருக்க வேண்டும். ஒரு மிதி மிதித்தேன். நின்ற இடத்திலேயே நின்றேன். இறங்கி, பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, கையால் பெடலைச் சுற்றி, கியரை ஒவ்வொன்றாக இறக்கி, வாய்க்கு வந்ததைத் திட்டினேன்.

“இதைத்தான் நான் ஆறு கிலோ பையை முதுகுல போட்டுக்கிட்டு, இந்த முட்டியோட, தினமும் ஆறு கேட்டுல செஞ்சேன்” என்றாள் அக்கா. “முடியாத அன்னைக்கு அடுத்த வளைவு வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போவேன். அங்கதான் என் அரை மணி போச்சு.”

“ஏன் இதை முன்னாடியே சொல்லலை?”

“நீ எங்க கேட்ட? எடை போட்ட.”

அவள் வண்டி நின்றபடியே இருந்தது. குதிகாலால் ஒரு தட்டு. டக். நிற்கிற வண்டியில் கியர் மாறிவிட்டது. உட்கார்ந்து மிதித்தாள். கால்கள் வேகமாகச் சுற்றின, சக்கரம் நிதானமாக உருண்டது. டப்பாவுக்குள்ளிருந்து ர்ர்ர் என்று சத்தம் வந்தது. நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனால் நிற்கவில்லை, முட்டியைப் பிடிக்கவில்லை. நான் ஏறி உட்கார்ந்தபோது அவள் வளைவைத் தாண்டிவிட்டாள். டப்பா அன்று ஒரு மயிரிழைகூட அசையவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு ட்யூபில் ஒரே ஓட்டையை இரண்டு தடவை ஒட்டினேன். அக்கா மதியம் வந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. வண்டியைச் சாய்த்தாள், தண்ணீர் குடித்தாள்.

“என்னாச்சு?”

“நீ எத்தனை நாள் மறைச்ச?”

“அக்கா…”

“எத்தனை நாள்?”

“ரெண்டு நாள்.”

“நானும் ரெண்டு நாள் மறைக்கிறேன். சனி, ஞாயிறு. திங்கட்கிழமை தெரிஞ்சுக்கோ.”

போய்விட்டாள். மாமாவிடம் ஓடினேன். அவர் வாயில் ஊசியை வைத்துக்கொண்டு, பேச முடியாது என்று கையைக் காட்டினார். அந்த மனுஷர் வாயில் எந்நாளும் ஊசி வைத்து நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை ஒருவர் வந்தார். எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார், அதே மாதிரி கிராங்க் தன் மவுண்டன் பைக்கிலும் போடலாமா என்றார். வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதை நிறுத்திவிட்டு, “எங்க ஓட்டுவீங்க? எங்கெங்க நிப்பீங்க?” என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப்பாதையில் நண்பர்களோடு வேகமாகப் போவாராம், எங்கும் நிற்க மாட்டாராம். முட்டி இரண்டும் நன்றாக இருந்தன. வேண்டாம் என்றேன். அவருக்கு அது வீண் சுமைதான். ஆனால் கேட்ட பிறகு சொன்னேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பட்டறையைத் திறந்தேன். அக்கா வேண்டுமென்றே போனை எடுக்கவில்லை. மேலே கேட் திறந்துகொண்டிருக்கிறாளா, கீழே நாற்காலியில் இருக்கிறாளா? பொறுக்க முடியவில்லை. தண்ணீர் வாரியத்தின் புகார் எண்ணைச் சுற்றினேன். மறுமுனையில் மணி மூன்று முறை அடித்தது. அக்காவின் குரல் கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

“வணக்கம், புகார் பிரிவு” என்றது ஒரு ஆண் குரல். வேலைக்குப் புதிது போல. “சொல்லுங்க, என்ன புகார்?”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“ஹலோ? தண்ணி வரலையா?”

“வருதுங்க” என்றேன். அழுதுகொண்டே சிரித்தேன். “நல்லா வருது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. “இதை எந்தக் கட்டத்துல எழுதுறதுன்னு தெரியலையே” என்றார் அவர்.

போனை வைத்தேன். பட்டறை வாசலிலிருந்து மலை தெரியும், பாதை தெரியாது. கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது மணி ஐந்து நிமிஷம். இந்நேரம் மூன்றாவது கேட்டைப் பூட்டிவிட்டு, குதிகாலால் தட்டியிருப்பாள்.